முதற்பேற்றின் அச்சமும் மறு கர்ப்பமும்

கூட்டுறவுச் சங்கத்தின் மாத இதழில் மகப்பேற்றைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நூல் விலை, நெசவுக் கூலி, பயிர்க் கடன், தவணை ஆகியவையே நம் ஏட்டிற்கு உரியன என்பது அவர்கள் எண்ணமாயிருக்கலாம். ஆயினும், சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுங்கால், தவணை தவறிய கடனுக்குக் காரணம் கேட்டால், “வீட்டில் பிரசவம் சிக்கலாகிவிட்டது” என்ற மறுமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தச் செலவு நாளடைவில் ஈடாகிவிடுகிறது, கடனும் அடைபடுகிறது. எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படாமல் அவ்வீட்டில் தங்கிவிடுவது அச்சம் ஒன்றே. இரண்டாம் முறை அப்பெண் கருவுறும்போது அந்த அச்சம் விழித்தெழுகிறது.

அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அச்சப்பட வேண்டாம் என்று உபதேசிப்பது நம் நோக்கமன்று. அச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே விளக்கப்பட வேண்டியது.

அச்சம் பலவீனமன்று

முதற் பேற்றில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்புக் கண்டவள், மிகுந்த உதிரப்போக்கால் நினைவிழந்தவள், ஏழாம் மாதத்திலேயே குழந்தையைப் பெற்று அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பல வாரங்கள் காத்திருந்தவள், குழந்தையையே பறிகொடுத்தவள் ஆகியோர் அடுத்த கர்ப்பத்தை நடுக்கத்துடன் எதிர்கொள்வது இயற்கை. உடல் ஒருமுறை பட்டதை மனம் மறப்பதில்லை. தறியில் கை நசுங்கியவர் மறுபடியும் தறியில் அமரும்போது கை தானே பின்வாங்குவதைப் போன்றது இது.

இந்த அச்சம் பல வடிவங்களில் தோன்றும். சிலருக்கு உறக்கம் வராது. சிலர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பர். சிலர் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஒரு துணிகூட வாங்கி வைக்கத் துணியார். முதல் முறை எந்த மாதத்தில் விபரீதம் நேர்ந்ததோ, அந்த மாதம் நெருங்க நெருங்கக் கலக்கம் மிகும். கணவன்மாரும் இதற்கு விலக்கல்லர். அறுவைக் கூடத்தின் வாயிலில் கையெழுத்திட்டுவிட்டு நின்றவருக்கும் அந்த இரவு மறப்பதில்லை. ஆனால் ஆண்மகன் அதைச் சொல்வது வழக்கமில்லாததால் அது சினமாகவோ மௌனமாகவோ வெளிப்படுகிறது.

அச்சம் செய்யும் உண்மையான தீங்கு

அச்சத்தால் மட்டும் இரத்த அழுத்த நோய் வந்துவிடும், கரு கலைந்துவிடும் என்று எண்ணிப் பெண்கள் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வதுண்டு. அவ்வாறு தம்மைப் பழித்துக்கொள்ள நியாயமில்லை. அச்சம் செய்யும் பெருந்தீங்கு வேறு. அது காலத்தைத் தின்றுவிடுகிறது.

மூன்று மாதம் நிறையும் வரை வெளியில் சொல்லலாகாது, சொன்னால் கண் பட்டுவிடும் என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். முதற் பேறு சுகமாக நடந்த வீட்டிலேயே இப்படியென்றால், இடர்ப்பட்ட வீட்டில் சொல்லவே வேண்டுவதில்லை. “இந்த முறையாவது தங்கட்டும், பிறகு பார்ப்போம்” என்று ஐந்தாம் மாதம் வரை அடக்கிவைப்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியின் வாடையே பழைய நினைவைக் கிளறுவதால் போகாமலிருப்பவர்களும் உண்டு. ஆனால் முதற் பேற்றில் இடர்ப்பட்டவளுக்கு இன்றைய வைத்தியம் தரக்கூடிய பாதுகாப்பின் முக்கியமான பகுதி, எவரும் அறியாமல் மறைத்து வைக்கும் அந்த மாதங்களில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.

உறவினருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லும் நாளை அவரவர் வழக்கப்படி வைத்துக்கொள்ளலாம். டாக்டருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் நாள் தள்ளிய உடனே சொல்லிவிட வேண்டும்.

முதல் 16 வாரங்களின் மதிப்பு

இதன் காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறுதல், சிறுநீரில் புரதம் கழிதல், கல்லீரலும் சிறுநீரகமும் பழுதுறுதல், முற்றினால் வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும் நோயை முன்சூல்வலிப்பு என்பர். 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுவது இதன் முதல் எச்சரிக்கை. நோய் வெளித்தோன்றுவது பிந்திய மாதங்களிலேயாயினும் அதன் வேர் முந்திய மாதங்களில் இருக்கிறது. நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும்போது தாயின் இரத்தக் குழாய்களை அகலப்படுத்திக்கொள்கிறது. வயலுக்கு நீர் வரும் வாய்க்காலைப் பருவத்தின் தொடக்கத்தில் அகலப்படுத்துவதைப் போன்றது இது. அவ்வேலை குறைபட்டால், பயிர் வளர்ந்து நீர் அதிகம் தேவைப்படும் காலத்தில் வாய்க்கால் போதாமற் போகிறது. அந்த முடைதான் அழுத்தமாகவும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவாகவும் பின்னர் வெளிப்படுகிறது. வாய்க்கால் வேலை பெரும்பாலும் 20 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

எனவேதான், இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை 12-ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறார்கள். 16 வாரத்திற்குள் தொடங்குவது மேல். 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே என்னும் ஆய்வில், வாய்ப்பு மிகுந்தவர்களாகக் கண்டறியப்பட்ட பெண்களில் ஒரு சாராருக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36 வாரம் வரை நாள்தோறும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தந்தனர். மற்றொரு சாராருக்கு மருந்தில்லா மாத்திரை தந்தனர். 37 வாரங்களுக்கு முன்பே பிரசவத்தை நிகழ்த்த வேண்டி வந்த முன்சூல்வலிப்பு, பின்னவரில் நூற்றுக்கு 4.3 பேருக்கும் முன்னவரில் 1.6 பேருக்கும் வந்தது. மலிவான மாத்திரை செய்யும் உபகாரம் இது. ஆனால் ஆறாம் மாதத்தில் வந்து கேட்பவளுக்கு அதே பயனை எதிர்பார்க்க இயலாது. இம்மாத்திரையைத் தாமே கடையில் வாங்கி உண்ணலாகாது. இது யாருக்குத் தேவை, எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் டாக்டரே.

சுண்ணாம்புச் சத்தும் இவ்வகையில் உதவுவது. உணவில் அது குறைந்த மக்களிடையே கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் தருவது முன்சூல்வலிப்பைக் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 14-ஆம் வாரத்திலிருந்து நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு தரப்படுகின்றன. இவற்றையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உண்ணலாகாது. ஒன்று மற்றொன்று உடலிற் சேர்வதைத் தடுக்கும்.

அச்சத்தின் காரணமாகச் செய்யப்படும் இரண்டு காரியங்கள் பயனற்றவை. உப்பை அறவே நீக்குவதும், பெண்ணை மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்துவதும் இந்நோயைத் தடுப்பதில்லை. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் தீங்கும் உண்டு. டாக்டர் தடுத்தாலன்றி, நடமாட்டமும் இலகுவான வேலையும் நல்லவை.

மீண்டும் வருமா?

ஒவ்வொரு பெண்ணும் கேட்க நினைத்துக் கேளாத கேள்வி இது. முதல் முறை முன்சூல்வலிப்பு வந்தவர்களில் அடுத்த கர்ப்பத்தில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு அது திரும்ப வருகிறது என்பது பிரிட்டனின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2019-ல் தந்த கணக்கு. 5 பேருக்கு வருவதில்லை என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். முதற் குழந்தையை 28 முதல் 34 வாரங்களுக்குள் எடுக்க நேர்ந்திருந்தால் வாய்ப்பு 3-ல் ஒன்றாக உயருகிறது. ஆகவே எல்லாருக்கும் ஒரே விடை இல்லை. முதல் முறை எந்த வாரத்தில், எந்த அளவில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

பிற இடர்களுக்கும் இவ்வாறே தனித்தனி விடைகள் உள்ளன.

முதற் பேறு அறுவையால் நிகழ்ந்திருந்தால், அடுத்ததும் அறுவையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தகுதியுள்ளவர்களாகத் தேர்ந்து முயன்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இயல்பாகவே பெறுகின்றனர். பழைய தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200-ல் ஒன்று. அதனால் இம்முயற்சியை உடனே அறுவை செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்யலாம். நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் பதிந்திருக்கிறதா என்பதை ஸ்கேனில் பார்க்கச் சொல்வதும் அவசியம்.

குறைமாதப் பேறு நேர்ந்திருந்தால், கருப்பை வாயின் நீளத்தை ஐந்தாம் மாத அளவில் ஸ்கேனில் அளந்து, தேவையானவர்களுக்குத் தையல் இடுவதோ புரொஜெஸ்டிரோன் மருந்து தருவதோ உண்டு. தடுக்க இயலாமற் போயினும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஊசி போடுகிறார்கள். இதன் வரலாறு விவசாய அங்கத்தினருக்குச் சுவையாயிருக்கும். நியூஜிலாந்தில் லிக்கின்ஸ் என்பவர் சினை ஆடுகளை ஆராய்ந்தபோது, கருவிலேயே இம்மருந்து பெற்ற குறைமாதக் குட்டி எதிர்பாராத வகையில் மூச்சுவிட்டதைக் கண்டார். அவரும் ஹௌவி என்பவரும் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 1972-ல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் ஊசி அதுவே.

மிகுந்த உதிரப்போக்கு நேர்ந்தவர்கள், இரத்தம் இருப்பு வைத்திருக்கும் ஆஸ்பத்திரியையே பேற்றுக்குத் தேர்ந்துகொள்ள வேண்டும்; அதற்கு முன் உடலில் இரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் சோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்குச் சோகை காணப்பட்டது. சர்க்கரை ஏறியிருந்தவர்கள் தொடக்கத்திலேயே சோதனை செய்துகொள்ள வேண்டும். ஆர்.எச். நெகட்டிவ் இரத்த வகையினர், 28-ஆம் வாரத்திலும், குழந்தை பாஸிட்டிவாயின் பேறு முடிந்த 72 மணி நேரத்திற்குள்ளும் போடவேண்டிய ஊசியைப் பற்றிக் கேட்டறிய வேண்டும்.

இன்னும் கருவுறாதவர்களுக்கு ஒரு சொல்: குழந்தை பிறந்தபின் குறைந்தது 24 மாதங்கள் கழித்தே அடுத்த கர்ப்பத்திற்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசிப்பதற்கும் அந்த இடைவெளி உதவும்.

தாய்வீட்டில் தங்கிய காகிதங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. இரண்டாவது பெரும்பாலும் புகுந்த வீட்டில். இதனால் விளையும் ஓர் இடையூறு பலர் கவனத்திற்கு வருவதில்லை. முதற் பேற்றின் காகிதங்கள் வேறு ஊரில், தாய்வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றன. இரண்டாம் முறை பார்க்கும் டாக்டருக்கு எதுவும் கிட்டுவதில்லை. “போன தடவை பி.பி. ஏறிவிட்டது, ஆபரேஷன் செய்தார்கள்” என்பதோடு விவரம் நின்றுவிடுகிறது. எத்தனையாம் வாரம், அழுத்தம் எவ்வளவு, வலிப்பு உண்டா, கருப்பையை எந்த வாக்கில் கீறினார்கள், எத்தனை பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள், குழந்தையின் எடை என்ன ஆகியவற்றை அறிந்தாலன்றி மேற்சொன்ன எந்தக் கேள்விக்கும் சரியான விடை கூற இயலாது.

கணக்குப் பார்ப்பவர் என்ற முறையில் இதை வற்புறுத்தும் உரிமை நமக்கு உண்டு. நட்டம் வந்த ஆண்டின் ஏட்டைக் காணச் சகிக்காமல் பரணில் எறிந்துவிடும் சங்கம், மறு ஆண்டும் அதே இடத்தில் இடறும். அந்த ஏடே அடுத்த ஆண்டுக்கு வழிகாட்டி. எனவே கர்ப்பம் தெரிந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி விடுப்புச் சீட்டு, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தச் சோதனைத் தாள்கள் ஆகியவற்றைத் தாய்வீட்டிலிருந்து வரவழைத்து ஒரு பையில் இட்டு வைக்கவும். சீட்டு தொலைந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் நகல் கேட்கலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அப்பை உடன் செல்ல வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரங்களுக்குள் பதிவு செய்து பிக்மி எண் பெறுவதும் இதனோடு சேர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்கும் இப்பதிவே அடிப்படை. 2016 முதல் மத்திய அரசின் திட்டப்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் டாக்டரே கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார். முதற் பேற்றில் இடர்ப்பட்டவள் என்பதை அன்று தெளிவாகச் சொல்லவும். ஆபத்து மிகுந்தோர் பட்டியலில் பெயர் சேர்ந்தால் கவனிப்பும் மிகும். அறுவை, இரத்தம், குழந்தைப் பராமரிப்பு ஆகிய மூன்றும் இரவு பகலாக உள்ள அரசு ஆஸ்பத்திரியைச் சீமாங் மையம் என்பர். உங்கள் ஊருக்கு அண்மையில் அது எங்குள்ளது என்று இப்போதே கேட்டுவைக்கவும்.

மனத்திற்கும் வைத்தியம் உண்டு

காகிதமும் மாத்திரையும் கலக்கத்தை முற்றும் போக்கிவிடா. மனத்தின் சுமைக்கு முதல் மருந்து அதைச் சொல்லுதல். “எனக்குப் பயமாயிருக்கிறது” என்று செவிலியரிடமும் டாக்டரிடமும் சொல்வதில் வெட்கமில்லை. சென்ற முறை நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று விளக்கும்படி கேட்கலாம். பலருக்கு அது இன்றுவரை சொல்லப்படவே இல்லை. காரணம் தெரியாத துன்பம், காரணம் தெரிந்த துன்பத்தைவிடக் கொடிது. தன் குற்றமே என்று பெண் எண்ணிக்கொள்வதும் அதனாலேயே.

கலக்கம் இரண்டு வாரங்களுக்கு மேல் இடைவிடாது நீடித்தால், உறங்க வாய்ப்பிருந்தும் உறக்கம் வராவிட்டால், பழைய நிகழ்ச்சி கண்முன் மீண்டும் நடப்பதுபோல் தோன்றினால், ஆஸ்பத்திரிக்குப் போகவே இயலாதபடி நடுக்கம் கண்டால், அதைச் சாதாரணக் கவலை என்று விடலாகாது. பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. தேவையாயின் கர்ப்ப காலத்தில் தரத்தக்க மருந்துகளும் உண்டு. முன்பே மன நோய்க்கு மருந்து உண்டுவருபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடலாகாது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்திய உதவி நாட வேண்டும்.

வீட்டாரும் சங்கமும்

“நல்லதையே நினை” என்று சொல்லி வாயடைப்பது ஆறுதலன்று. “என்ன பயம், சொல்லு” என்று கேட்டு, கேட்டபின் பேசாமல் அமர்ந்திருப்பதே ஆறுதல். மாமியார்மார் தம் காலத்தில் வயலிலேயே பெற்றதைச் சொல்லிக் காட்டுவதையும், அயலார் கேள்விப்பட்ட மரணங்களை விவரிப்பதையும் அந்த மாதங்களில் தவிர்க்கலாம். கணவன் ஒவ்வொரு பரிசோதனைக்கும் உடன் செல்வது ஒரு நாள் கூலிக்கு மேற்பட்ட மதிப்புடையது.

வேலையைப் பொறுத்தமட்டில், குழித்தறியில் நெடுநேரம் மிதிப்பதைக் குறைத்துத் தார் சுற்றுதல் போன்ற இலகுவான வேலையை இடைவிட்டுச் செய்யலாம். பூச்சிமருந்து கலப்பதும் தெளிப்பதும் கர்ப்பிணிக்கு அறவே ஆகாது. தெளித்தவரின் துணியைத் துவைப்பதையும் வேறொருவர் ஏற்க வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இரத்தம் கொடுக்க இசையும் அங்கத்தினரின் பெயரையும் இரத்த வகையையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். 18 முதல் 65 வயதிற்குட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத, உடல்நலமுள்ள எவரும் தரலாம். ஆண்கள் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறையும் தரலாம். இரவில் வண்டி தரக்கூடியவர் யார் என்பதையும் அதன்கீழ் குறிக்கலாம். இவற்றுக்கு மகாசபையின் தீர்மானம் வேண்டுவதில்லை. செயலாளரின் அரைமணி நேரம் போதும்.

தாமதியாமல் செல்ல வேண்டிய குறிகள்

கடுந்தலைவலி, கண் மங்கல் அல்லது ஒளிப்பொறி தோன்றுதல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், உதிரம் காணல், நீர் கசிதல், காய்ச்சல், வலிப்பு, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் ஆகிய இவற்றுள் எது கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்கவும். அழுத்த நோய் பேற்றுக்குப் பின்னும் 6 வாரம் வரை வரலாம் என்பதால், குழந்தை பிறந்ததும் எச்சரிக்கையைக் கைவிடலாகாது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி இன்று உண்டு. 33 நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு, அது வலிப்பின் ஆபத்தைப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் காலத்தே வந்து சேர்ந்தவளுக்கே ஊசி பயன்படும்.

முன்னெச்சரிக்கை அனைத்தையும் செய்தபின்னும் இடர் வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது. நாமும் கூறவில்லை. ஆனால் வந்தால் முன்கூட்டியே கண்டுகொள்வதற்கும், தக்க இடத்தில் தக்க கைகளில் இருப்பதற்கும் வழியுண்டு. இந்த இதழைப் படிக்கும் அங்கத்தினர் வீட்டில் நாள் தள்ளிப்போயிருக்கும் பெண் எவரேனும் இருப்பின், முதற் பேற்றின் சீட்டு எங்கேயிருக்கிறது என்று இன்றே தாய்வீட்டுக்குப் பேசிக் கேட்கவும். வருகிற 9-ஆம் தேதிக்குள் அது கைக்கு வந்து சேரட்டும்.